பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’, கிளெம்பரரின் 1961 ஒலிப்பதிவு: கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரெக்வியம் என்பது இறந்தவர்களுக்கான திருப்பலி இசை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹானஸ் பிராம்ஸின் ‘ஜெர்மன் ரெக்வியம்’ என்ற சேர்ந்திசைப் படைப்பை எத்தனையோ பேர் ஒலிப்பதிவு செய்திருக்கிறார்கள். அவற்றில் 1961-ன் முதல் மாதங்களில் லண்டன் கிங்ஸ்வே ஹாலில் இசைக்குழு நடத்துநர் ஓட்டோ கிளெம்பரர் வழிநடத்திய பதிவுக்குத் தனி மதிப்பு உண்டு. பங்கேற்றவர்கள்: ஃபில்ஹார்மோனியா இசைக்குழு, ஃபில்ஹார்மோனியா பாடகர் குழு, சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) எலிசபெத் ஷ்வார்ஸ்கோப், பாரிட்டோன் (நடுத்தர ஆண் குரல்) டீட்ரிஷ் ஃபிஷர்-டீஸ்காவ். அறுபது ஆண்டுகள் தாண்டியும் அது கடைகளிலும் ஸ்ட்ரீமிங்கிலும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் பெயரைக் கேள்விப்பட்டு ஆர்வத்தோடு போடுகிறவர்களில் பலர் இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ‘கனமா இருக்கு’, ‘ரொம்ப மெதுவா போகுது’, ‘பழைய சத்தம்’ என்கிறார்கள். இதற்கெல்லாம் பதிவைக் குறை சொல்ல முடியாது. அதில் இல்லாததை எதிர்பார்த்து உட்காருவதால்தான் இருப்பது காதில் விழாமல் போகிறது.

நியாயத்தீர்ப்பு இடி முழக்கத்தை எதிர்பார்ப்பது

ரெக்வியம் என்றதும் மோட்ஸார்ட்டையோ வெர்டியையோ கேட்டுப் பழகிய காது ஒரு குறிப்பிட்ட இடத்துக்காகக் காத்திருக்கும். உலக முடிவு, கோப நாள், பெரிய முரசு, பாவிகளின் நடுக்கம். அவை கத்தோலிக்கச் சபையின் லத்தீன் திருப்பலிச் சொற்களுக்கு எழுதப்பட்டவை. இறந்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடுபவை. பிராம்ஸ் ஹாம்பர்கில் லூத்தரன் சூழலில் வளர்ந்தவர். அவர் அந்த லத்தீன் பாடத்தைத் தொடவே இல்லை. மார்ட்டின் லூதரின் ஜெர்மன் பைபிளிலிருந்து தனக்கு வேண்டிய வசனங்களைத் தானே பொறுக்கி ஏழு பகுதிகளாகக் கோத்தார். முதல் வாக்கியமே இறந்தவரைப் பற்றியது அல்ல. துக்கப்படுகிறவர்கள் பாக்கியவான்கள் என்று தொடங்குகிறது. இது இழந்துவிட்டு அழுகிறவர்களுக்கான இசை.

1868 ஏப்ரல் 10, புனித வெள்ளி அன்று பிரேமன் பேராலயத்தில் பிராம்ஸே நடத்தி இது அரங்கேறியபோது அங்கே இருந்தவர்களுக்கும் இதே சங்கடம் வந்தது. கிறிஸ்துவின் பெயரே எங்கும் வரவில்லையே என்று பேராலய இசைப் பொறுப்பாளர் கார்ல் ரைன்தாலர் முன்கூட்டியே கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். ‘ஜெர்மன்’ என்ற சொல்லைக்கூட எடுத்துவிட்டு ‘மனிதர்’ என்று போட எனக்குச் சம்மதம் என்ற பொருளில் பிராம்ஸ் பதில் எழுதினார். வசனம் எதையும் சேர்க்கவில்லை. கடைசியில் கிறிஸ்துவைப் பற்றிய ஹாண்டலின் ‘மெசையா’விலிருந்து ஒரு பாடலை அன்றைய நிகழ்ச்சியில் செருகிச் சமாளித்தார்கள்.

உலக முடிவில் ஒலிக்கும் கடைசி எக்காளம் இதிலும் உண்டு. ஆறாவது பகுதியில், சில நிமிடங்களுக்கு. ஆனால் அது பயமுறுத்த வரவில்லை. ‘மரணமே! உன் கூர் எங்கே?’ என்று குழு முழுவதும் மரணத்தை எதிர்த்துக் கேட்கிற இடம் அது. அதற்கு முன்னால் ஐந்து பகுதிகள் இருக்கின்றன. அவற்றை வெறும் காத்திருப்பாகக் கழித்துவிடக் கூடாது.

போன் ஸ்பீக்கரில் கேட்பது

எனக்குத் தெரிந்து அதிகம் கெடுப்பது இதுதான். இந்தப் படைப்பு கீழ் ஸ்தாயியிலிருந்து எழுப்பப்பட்டது. முதல் பகுதியில் வயலின்களே கிடையாது. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும்கூட இல்லை. டபுள் பாஸ்கள் ஒரே தாழ்ந்த சுரத்தைத் திரும்பத் திரும்ப மீட்ட, அதன்மேல் செல்லோக்களும் வியோலாக்களும் பல கிளைகளாகப் பிரிந்து மெல்ல ஏறிவருகின்றன. அப்புறம்தான் பாடகர் குழு, துணைக்கு ஏறக்குறைய எதுவும் இல்லாமல், ‘ஸேலிக்’ (பாக்கியவான்கள்) என்று மென்மையாகத் தொடங்குகிறது. போனின் சின்ன ஸ்பீக்கரில் அந்த அடித்தளம் அப்படியே காணாமல் போய்விடும். மிஞ்சுவது தூரத்தில் யாரோ பாடும் மெல்லிய சத்தம் மட்டுமே. ‘ஒண்ணுமே நடக்கலையே’ என்று தோன்றத்தான் செய்யும்.

பெரிய செலவெல்லாம் வேண்டாம். காதை நன்றாக மூடுகிற சுமாரான ஹெட்போனே போதும். சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதை முதல் பகுதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அது மிக மெல்லிய ஒலியில் தொடங்குவதால் கை தானாகவே ஏற்றிவிடும். இரண்டாம் பகுதியில் குழு தாழ்ந்த குரலில் ஒருமுறை பாடிவிட்டு அதே வரியை முழுப் பலத்தோடு மறுபடி பாடுகிற இடம் வரும். அந்த இடம் காதை உறுத்தாத அளவுக்கு வைத்துவிட்டு, முதலிலிருந்து கேட்டால் சரியாக இருக்கும். அதன் பிறகு ஒலியளவைத் தொட வேண்டியதில்லை.

தாழ்ந்த சுரம் இங்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பழைய சம்பவம். 1867 டிசம்பர் 1-ம் தேதி வியன்னாவில் முதல் மூன்று பகுதிகள் மட்டும் ஒரு நிகழ்ச்சியில் வாசிக்கப்பட்டன. நடத்தியவர் யோஹான் ஹெர்பெக். மூன்றாம் பகுதியின் முடிவில் ‘நீதிமான்களின் ஆத்துமாக்கள் தேவனுடைய கையில் இருக்கின்றன’ என்று ஒரு நீண்ட ஃபியூக். குரல்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓட, அடியில் ‘டி’ என்ற ஒரே சுரம் தொடக்கம் முதல் முடிவு வரை நகராமல் நிற்கும். அன்று டிம்பனி என்ற பெரிய முரசை வாசித்தவர் அந்த ஒரு சுரத்தையே முழுப் பலத்தோடு அடித்துத் தள்ளிவிட்டார். மேலே பாடியது எதுவும் கேட்கவில்லை. கூட்டத்தில் சிலர் சீறி எதிர்ப்புக் காட்டினார்கள். கிளெம்பரர் பதிவில் அதே இடத்தைக் கேளுங்கள். அடிச்சுரம் அசையாமல் நிற்கிறது. அதன்மேல் நான்கு குரல்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. கை என்று வசனம் சொல்வதை இசையும் செய்துகாட்டுகிறது. எந்தக் குரல் எங்கே ஓடினாலும் அடியில் அது தாங்கிக்கொண்டே இருக்கிறது. இந்த ஒரு இடத்துக்காகவே நான் இந்தப் பதிவை மற்றவற்றுக்கு மேலே வைப்பேன்.

சொற்களை விட்டுவிடுவது

ஜெர்மன் தெரியாது, அதனால் வெறும் ஒலியாகக் கேட்டுக்கொள்கிறேன் என்பது நல்ல மனசுதான். ஆனால் இந்தப் படைப்பில் அது பெரிய இழப்பு. பிராம்ஸ் எடுத்த வசனங்கள் அனைத்தும் தமிழில் கிடைக்கின்றன. மத்தேயு 5:4, சங்கீதம் 126, முதலாம் பேதுரு 1:24, சங்கீதம் 39, சங்கீதம் 84, யோவான் 16:22, ஏசாயா 66:13, எபிரெயர் 13:14, முதலாம் கொரிந்தியர் 15, வெளிப்படுத்தின விசேஷம் 14:13. இவை முக்கியமானவை. மேலே சொன்ன ‘நீதிமான்களின் ஆத்துமாக்கள்’ சாலமோனின் ஞானம் நூலிலிருந்து வருவதால் கத்தோலிக்கப் பதிப்பில்தான் இருக்கும். ஒரு தாளில் பகுதி வாரியாக எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால் என்ன கிடைக்கும் என்பதற்கு இரண்டாம் பகுதியே போதும். ‘மாம்சமெல்லாம் புல்லைப்போலவும்’ என்று எல்லோரும் ஒரே சுரவரிசையில் சேர்ந்து பாடுகிறார்கள். மூன்று மூன்றாக எண்ணும் தாளம். ஆனாலும் சவ ஊர்வலத்தின் நடை. அடியில் டிம்பனி விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. ‘புல் உலர்ந்தது, அதின் பூவும் உதிர்ந்தது.’ இது தணிந்து, இடையில் கொஞ்சம் வெளிச்சம் வந்து, மறுபடி அதே ஊர்வலம் திரும்புகிறது. மனசு சோர்ந்துபோகும் நேரத்தில் குழு முழுவதும் ‘ஆபர்’ என்று ஒரே சொல்லில் இறங்குகிறது. ‘ஆனால்’ என்று அர்த்தம். கர்த்தருடைய வசனமோ என்றென்றைக்கும் நிலைத்திருக்கும் என்று வாக்கியம் தொடர்கிறது. கையில் தாள் இல்லாதவருக்கு அது சத்தம் கூடிய ஒரு இடம், அவ்வளவுதான். தாள் இருப்பவருக்குப் பத்து நிமிடமாக அழுத்திய பாரம் அங்கே விலகுகிறது.

இந்தக் குழுவின் உச்சரிப்பும் இதற்கு உதவுகிறது. தயாரிப்பாளர் வால்டர் லெக் 1957-ல் ஃபில்ஹார்மோனியா பாடகர் குழுவைத் தொடங்கியபோது, வாக்னர் ஓபராக்களுக்கான பய்ராய்த் விழாவின் பாடகர் குழுவைப் பயிற்றுவித்த வில்ஹெல்ம் பிட்ஸை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தார். லண்டன்காரர்கள் பாடுகிறார்கள் என்று சொன்னால்தான் தெரியும். சொல்லின் கடைசி மெய்யெழுத்துகள்கூட எல்லோருக்கும் ஒரே நொடியில் விழுகின்றன.

கிளெம்பரர் என்றால் மெதுவானவர் என்று முடிவு கட்டிவிடுவது

அப்போது அவருக்கு வயது 75. 1939-ல் மூளைக்கட்டிக்குச் செய்த அறுவை சிகிச்சையால் உடலின் ஒரு பக்கம் பாதிக்கப்பட்டிருந்தது. பின்னாட்களில் பல படைப்புகளை உண்மையிலேயே நிதானமாகத்தான் நடத்தினார். அந்தப் பேரை வைத்துக்கொண்டு இதையும் கேட்காமலே ஒதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். முழுப் படைப்பும் இங்கே ஏறக்குறைய 69 நிமிடம்; முதல் பகுதி சுமார் 10 நிமிடம். இதைவிட நீட்டி இழுத்த பதிவுகள் எத்தனையோ உண்டு. பிராம்ஸே முதலில் வேகத்தைக் காட்டும் மெட்ரோனோம் எண்கள் குறித்துவிட்டுப் பிறகு அவற்றை நீக்கிவிட்டார். ஆகவே கடிகாரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வீண். கிளெம்பரரின் நடையில் கவனிக்க வேண்டியது, எங்கேயும் உருகி நிற்பதில்லை என்பதுதான். சோகமான வரி வந்தால் வேகத்தைக் குறைத்துக் கண்ணீர் வரவழைப்பது சுலபம். அவர் அதைச் செய்ய மறுக்கிறார். அந்த மறுப்புதான் ஊர்வலத்துக்கு அவ்வளவு வலிமை தருகிறது என்று நினைக்கிறேன்.

அட்டையில் இருக்கும் பெயர்களுக்காகக் கேட்பது

ஷ்வார்ஸ்கோப்பும் ஃபிஷர்-டீஸ்காவும் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர்கள். ஆனால் சொப்ரானோவுக்கு ஐந்தாம் பகுதி மட்டும்தான். பாரிட்டோனுக்கு மூன்றும் ஆறும். ஏழு பகுதியிலும் பாடுவது குழு ஒன்றே. நாயகர் யார் என்பதில் பிராம்ஸுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

அந்த ஐந்தாம் பகுதி பிரேமன் அரங்கேற்றத்துக்குப் பிறகு, 1868 மே மாதத்தில் சேர்க்கப்பட்டது. பிராம்ஸின் தாயார் 1865 பிப்ரவரியில் இறந்திருந்தார். சொப்ரானோ உயரத்தில் தனியே பாடிக்கொண்டிருக்கும்போது, கீழே குழு ‘ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்’ என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருக்கும். ஷ்வார்ஸ்கோப்பின் குரல் மிகையாக மெருகேற்றியது என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கும் இந்தப் பகுதியில் கொஞ்சம் எளிமை கூடியிருக்கலாம் என்று தோன்றும். அது உறுத்தினால் அடுத்த முறை குழுவின் வரியை மட்டும் பிடித்துக்கொண்டு கேட்டுப்பாருங்கள். பகுதியின் உயிர் அங்கேயும் இருக்கிறது.

துண்டு துண்டாகக் கேட்பது

நாலாவது பகுதி இனிமையானது, சின்னது. அதனால் அது மட்டும் பிளேலிஸ்ட்களில் சுற்றுகிறது. தனியாகக் கேட்டால் அழகான பாட்டு. மூன்றாம் பகுதியின் பெரிய ஃபியூக் முடிந்த கையோடு கேட்டால்தான் அந்த இனிமை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கடைசிப் பகுதி முதல் பகுதியின் இசைக்கே திரும்பி, தொடங்கிய அதே ‘ஸேலிக்’ என்ற சொல்லில் முடிகிறது. முதல் பகுதியைக் கேட்காதவருக்கு அந்தத் திரும்புதல் தெரியவே தெரியாது. ஸ்ட்ரீமிங்கில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 69 நிமிடம் ஒரேயடியாக ஒதுக்க முடியாவிட்டால் நாலாவது பகுதியின் முடிவில் இடைவேளை விடலாம்.

இரைச்சலை அகற்ற முயல்வது

இது 1961-ன் டேப். மெல்லிய இடங்களில் லேசான ‘ஸ்ஸ்’ இருக்கும். அப்போது கிங்ஸ்வே ஹாலுக்கு அடியில் சுரங்க ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே எடுத்த பதிவுகளில் அந்த உறுமல் சில சமயம் கேட்பதுண்டு. இதற்காக ஈக்வலைசரில் மேலேயும் கீழேயும் வெட்டினால் இரைச்சலோடு குழுவின் மெய்யெழுத்துகளும் டபுள் பாஸ்களும் சேர்ந்தே போய்விடும். அப்படியே விடுவது நல்லது. முன்பு ஈ.எம்.ஐ. வெளியிட்டதை இப்போது வார்னர் கிளாசிக்ஸ் வெளியிடுகிறது. பதிப்புக்குப் பதிப்பு ஒலியில் சின்ன வேறுபாடுகள் உண்டு. முதன்முறை கேட்பவர் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இது பழகிய பிறகு ஒப்பிட இரண்டு பதிவுகளைச் சொல்வேன். ஒன்று, 1947-ல் வியன்னாவில் கராயன் நடத்தியது. ஷ்வார்ஸ்கோப் அதே பகுதியை இளமைக் குரலில் பாடியிருக்கிறார், பாரிட்டோன் ஹான்ஸ் ஹாட்டர். மோனோ ஒலிதான், பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, ஜான் எலியட் கார்டினர் 1990-ல் மான்டெவெர்டி பாடகர் குழுவோடு பதிவு செய்தது. பிராம்ஸ் காலத்து வாத்தியங்கள், சிறிய குழு, ஒல்லியான ஒலி. மூன்றாம் பகுதியின் ஃபியூக்கை மூன்றிலும் அடுத்தடுத்துப் போட்டு, அந்த அடிச்சுரம் ஒவ்வொன்றிலும் எப்படி நிற்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.