நாளுக்கு ஒரு மஞ்சப்பை

நீண்ட பயணத்துக்குப் பிள்ளைகளின் துணியைப் பெட்டிக்குள் மொத்தமாக அடுக்காமல், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளுக்கு ஒரு மஞ்சப்பை என்று கட்டுங்கள். ஒரு சட்டை, டவுசர், இரவு உடை, இரண்டு ஜட்டி. மேலே மாஸ்கிங் டேப் ஒட்டி, பெயரும் கிழமையும் எழுதிவிடுங்கள்.

ஒரு பைக்கு ஐந்து நிமிடம்தான். இரண்டு ஆபீஸ் போன் கால்களுக்கு நடுவில் ஒன்றை முடித்துவிடலாம்; பாதியில் வேலைக்கு ஓடினாலும் எதை வைத்தோம், எதை விட்டோம் என்று திரும்ப எண்ண வேண்டாம். ஊரில் பாட்டியோ சித்தியோ அன்றைய பையை எடுத்துக் குளிப்பாட்டி மாற்றிவிடுவார்கள், உங்களைக் கேட்கவே வேண்டியிருக்காது. லீவிலும் லேப்டாப் திறக்க வேண்டியவர்களுக்கு இதுதான் பெரிய நிம்மதி. அழுக்குத் துணியும் அதே பைக்குள் போய்விடும்.

எழும்பூரில் ரயில் ஏறும் நாளின் பை மட்டும் பெட்டிக்குள் போகக் கூடாது. பெட்டி சீட்டுக்கு அடியில் போய்விட்டால், பிள்ளை பாலைக் கொட்டும்போது கைக்கு எட்டாது.

ஜிப் கவர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் துணி முழுதாகக் காயாது. காற்றுப் புகாத கவரில் இரண்டே நாளில் பூஞ்சை வாடை வந்துவிடும்.

டயபர் போடும் குழந்தைக்கு இந்தக் கணக்கு சரிவராது, ஒரு நாளுக்கு எத்தனை உடை ஆகும் என்று சொல்லவே முடியாது. போகிற வீட்டில் வாஷிங் மெஷின் இருந்தால் ஆளுக்கு நான்கு பை போதும்.