நூல் நம்பர் பார்ப்பதில் கோட்டை விடும் இடங்கள்

கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் தறி வைத்திருக்கிறவர்களுக்கும் அவர்களுக்கு நூல் போடுகிற வியாபாரிகளுக்கும் இடையில் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கும். "60ஆம் நம்பர்னு சொல்லித்தானே அண்ணே கொடுத்தீங்க, நிறுத்துப் பார்த்தா 58தான் வருது" என்பார் இவர். "மில் சீட்டுல 60னு போட்டிருக்கு, நான் என்ன தம்பி பண்ணட்டும்" என்பார் அவர். பல நேரம் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். நூலில் குறை இருக்காது, அளந்த விதத்தில்தான் இருக்கும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பருத்தி நூலுக்குச் சொல்லும் நம்பர் ஆங்கிலேயப் பருத்திக் கவுண்ட். 840 கெஜம் நூல் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் இப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40ஆம் நம்பர். நூல் சன்னமாக ஆக நம்பர் ஏறும். சோதனைக்கு முழுச் சிட்டம் எடுப்பதில்லை. அதில் ஏழில் ஒரு பங்கு, 120 கெஜம், எடுத்தால் போதும். அதற்கு லீ என்று பெயர். ஒரு லீ எத்தனை கிராம் என்று பார்த்து 64.8ஐ அந்த எடையால் வகுத்தால் நம்பர் வந்துவிடும். 40ஆம் நம்பர் நூலில் ஒரு லீ 1.62 கிராம் இருக்கும்.

ஆக, இதில் இருப்பதே நீளம் ஒன்று, எடை ஒன்று. தவறு எல்லாம் இந்த இரண்டில் ஏதோ ஒன்றில்தான் நுழையும்.

கண்ணையும் விரலையும் நம்புவது

அனுபவசாலிகள் நூலை இரண்டு விரலில் உருட்டியே நம்பர் சொல்வார்கள். தினமும் ஒரே மில்லின் ஒரே ரக நூலைப் பார்க்கிறவர் சொன்னால் பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ரகம் மாறினால் அவ்வளவுதான். பனியன் துணிக்கு ஓட்டும் நூலில் முறுக்கு குறைவு, அதனால் உப்பலாக நிற்கும். அதே நம்பரில் பாவுக்கு, அதாவது துணியின் நீளவாட்டு இழைக்கு, ஓட்டும் நூல் முறுக்கு ஏறி இறுகியிருக்கும், கைக்குச் சன்னமாகப் படும். பாலியஸ்டர் இழை பருத்தியைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே ஒரே நம்பரில் பாலியஸ்டர் நூல் கொஞ்சம் பருமனாகத் தெரியும். நம்பர் என்பது பருமன் அல்ல. நீளத்துக்கு எவ்வளவு எடை என்பது மட்டும்தான்.

தராசு

இதை நீட்ட வேண்டியதில்லை. 80ஆம் நம்பரில் ஒரு லீ 0.81 கிராம். தராசு 0.01 கிராம் தவறினாலே நம்பரில் ஒன்று போய்விடும். 100ஆம் நம்பரில் 0.65 கிராம்கூட வராது. கடைத் தராசில் இதைப் போடவே கூடாது. மில்லிகிராம் காட்டும் தராசு இல்லையென்றால் ஒரு லீக்குப் பதிலாக ஏழு லீயைச் சேர்த்து முழுச் சிட்டமாக நிறுக்கலாம். 40ஆம் நம்பரில் அது 11.34 கிராம் வரும், தராசின் தவறு அதில் கரைந்துவிடும். அப்புறம், நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். புழுக்கத்தில் யாரும் நிறுத்துவதில்லை.

ரீலில் நடக்கும் தவறு

லீ சுற்றும் ரீலின் சுற்றளவு ஒன்றரை கெஜம், 54 அங்குலம். 80 சுற்று ஓடினால் 120 கெஜம். பழைய ரீலில் ஒரு கை மடங்கும்படி இருக்கும், சுற்றிய நூலைக் கழற்றுவதற்காக. அந்த மூட்டு தேய்ந்து கை முழுதாக நிமிராமல் நின்றால் சுற்றளவு 53 அங்குலம் ஆகிவிடும். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். 80 சுற்றில் அது இரண்டு கெஜத்துக்கு மேல். நூல் குறைவாக ஏறியதால் லீ எடை குறையும், எடை குறைந்தால் நம்பர் கூடும். உண்மையில் 39.25 நம்பர் நூல் 40 என்று பாஸாகிவிடும். ஒரு டேப் எடுத்து ரீலின் ஆறு கைக்கு மேலாகவும் மாதம் ஒருமுறை சுற்றிப் பார்ப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறதோ தெரியவில்லை, எங்கும் செய்வதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நூலை வழிநடத்தும் கொக்கி ரீல் சுற்றச் சுற்றப் பக்கவாட்டில் நகர வேண்டும். அது சிக்கி நின்றுவிட்டால் நூல் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். மேலே ஏறிய சுற்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் நீளம் கூடுதலாக எடுக்கும். லீ கனத்து, நல்ல நூல் தடித்த நூலாகிவிடும். இழுவிசையிலும் தவறு நுழையும், அது நம்பரைக் கூட்டிக் காட்டும். வேகமாகச் சுற்றி முடிக்கலாம் என்று இறுக்கிவிட்டால் நூல் நீண்டு கொடுக்கும், ரீலிலிருந்து கழற்றியதும் சுருங்கும். 120 கெஜம் என்று நாம் நினைப்பது அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

கடல்காற்றைக் கணக்கில் எடுக்காதது

எங்கள் பக்கத்துக்கு இதுதான் தலையாய தவறு. கோயம்புத்தூர்க்காரருக்கு இவ்வளவு தொல்லை இல்லை.

பருத்தி ஈரத்தைக் குடிக்கும். சோதனைக்கு வகுத்திருக்கும் காற்றுநிலை ஈரப்பதம் 65 விழுக்காடு, வெப்பம் நம்மைப் போன்ற நாடுகளுக்கு 27 டிகிரி. வியாபாரத்தில் பருத்தி நூலுக்கு ஒப்புக்கொண்ட ஈரம் 8.5 விழுக்காடு. அதாவது 100 கிராம் எலும்பாகக் காய்ந்த நூலோடு 8.5 கிராம் தண்ணீர். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த கிடங்கில் கிடக்கும் நூல் இந்த அளவில் நிற்காது. ஈரம் 11 விழுக்காடு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1.62 கிராம் இருக்க வேண்டிய லீ 1.66 கிராம் ஆகும், 40ஆம் நம்பர் நூல் 39 என்று காட்டும். ஆனி, ஆடியில் கதை தலைகீழ். காலையில் மேல்காற்று அடிக்கும்போது நூல் வறண்டுபோகும். ஈரம் 5 விழுக்காட்டுக்கு இறங்கினால் அதே நூல் 41க்கு மேல் காட்டும். பிற்பகலில் கடல்காற்று திரும்பியதும் மறுபடி கனக்கும். காலையில் ஒரு நம்பர், சாயங்காலம் ஒரு நம்பர் என்று சோதனைக்கூட நோட்டில் இருந்தால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன்னால் ஜன்னலைப் பாருங்கள்.

இதில் பணமும் இருக்கிறது. நூல் கிலோ கணக்கில் விற்கிறது. 11 விழுக்காடு ஈரத்தில் 100 கிலோ வாங்கினால், ஒப்புக்கொண்ட ஈரத்துக்கு அது 97.75 கிலோதான். மிச்சம் 2.25 கிலோ தண்ணீருக்கும் நூல் விலை கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவசரப்பட்டு மில்லின் மேல் பழி போடவும் கூடாது. உள்நாட்டிலிருந்து காய்ந்து வந்த நூல் நம் கிடங்கில் பத்து நாள் பிரித்துக் கிடந்து ஈரம் குடித்திருக்கலாம். சோதனைக்கு எடுக்கும் கோனை (நூல் சுற்றிய கூம்பை) மூட்டை வந்த அன்றே பாலித்தீன் பையில் போட்டுக் கட்டி வைத்தால் இந்தக் குழப்பம் வராது.

ஈர விழுக்காட்டைக் கணக்கிடுவதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 8.5 என்பது காய்ந்த எடைக்கு எதிரான கணக்கு. மொத்த எடைக்கு எதிராகப் போட்டால் அதே நூலுக்கு 7.8 வரும். ஈரமானி எதைக் காட்டுகிறது என்று தெரியாமல், 7.8ஐப் பார்த்து நூல் காய்ந்திருக்கிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நூலைச் சோதனைக்கூடக் காற்றில் ஆறப்போடும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். நனைந்த நூல் உலர்ந்து இறங்கி 65 விழுக்காட்டுக் காற்றோடு சமநிலைக்கு வந்தால் ஈரம் சற்றுக் கூடுதலாகவே தங்கிவிடும். காய்ந்த நூல் ஈரம் ஏறி அதே நிலைக்கு வந்தால் குறைவாக இருக்கும். அதனால் முதலில் மிதமான சூட்டில் நூலை நன்றாக உலர்த்திவிட்டு, பிறகு ஆறப்போட வேண்டும். மழைக்காலத்தில் மூட்டையிலிருந்து எடுத்து நேராகச் சோதனைக்கூட மேசையில் வைத்தால் 24 மணி நேரம் வைத்தாலும் முழுதாகச் சரியாவதில்லை.

சராசரியை மட்டும் பார்ப்பது

நான்கு லீ எடுத்தீர்கள், 36, 44, 38, 42 என்று வந்தது. சராசரி 40. சீட்டில் 40 என்று எழுதியாகிவிட்டது. இந்த நூலை ஊடையில், அதாவது குறுக்கிழையில், ஓட்டினால் துணியில் பட்டை பட்டையாக விழும். வெள்ளையில் கண்ணுக்குத் தப்பலாம், சாயம் போட்டதும் பளிச்சென்று தெரியும். நம்பர் சரி, நூல் சரியில்லை என்பது இதுதான். ஒவ்வொரு லீயையும் தனித்தனியாக நிறுத்து, ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று எழுதுங்கள். மாதிரியை ஒரே கோனிலிருந்தும் எடுக்காதீர்கள். ஒரு கோனில் பத்து லீ எடுப்பதைவிடப் பத்துக் கோனில் ஒவ்வொரு லீ எடுப்பது எவ்வளவோ மேல். மேல் சுற்றுகள் கைபட்டு, அழுக்குப் பட்டு, ஈரம் குடித்திருக்கும், அவற்றை உருவிப் போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும்.

துணியிலிருந்து பிரித்த நூல்

வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே மாதிரி வேண்டும் என்பார். 10 சென்டிமீட்டர் வெட்டி, நூலைப் பிரித்து, எடை போட்டு நம்பர் சொல்லிவிடுவார்கள். அதில் இரண்டு தவறு ஒளிந்திருக்கிறது. துணிக்குள் நூல் மேலும் கீழும் நெளிந்து போகிறது. 10 சென்டிமீட்டர் துணியில் இருக்கும் நூலை நிமிர்த்தினால் 10.6 வரலாம். நிமிர்த்தி அளக்காமல் 10 என்றே போட்டால் 40ஆம் நம்பர் 37.7 ஆகிவிடும். அடுத்தது கஞ்சி. பாவு நூலில் 10 விழுக்காடு கஞ்சி ஏறியிருந்தால் 40 நம்பர் 36 சொச்சமாக இறங்கும். கஞ்சியைக் கழுவி எடுத்துவிட்டுத்தான் நிறுக்க வேண்டும். வெளுத்த துணியென்றால் எதிர்ப்பக்கம் இழுக்கும். வெளுப்பில் மெழுகும் அழுக்கும் போய் எடை குறைந்திருக்கும், நூல் மில்லிலிருந்து வந்ததைவிடச் சன்னமாகக் காட்டும். பாவு, ஊடை இரண்டையும் கலந்து நிறுத்துவிட்டுக் குழம்புகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எந்த முறையின் நம்பர்?

புதுச்சேரியில் ஒரு காலத்தில் ஏஎஃப்டி (ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ்), சுதேசி, பாரதி என்று பெரிய பஞ்சாலைகள் ஓடின. முதலியார்பேட்டை ஏஎஃப்டி 1898இல் வந்தது, 2020இல் மூடினார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கென்று தனிக் கவுண்ட் முறையே உண்டு, அரைக் கிலோவில் எத்தனை ஆயிரம் மீட்டர் என்பது. அதில் நம் 40ஆம் நம்பர் 34 ஆகும். மெட்ரிக் முறையில், ஒரு கிலோவில் எத்தனை ஆயிரம் மீட்டர் என்று பார்த்தால், அதே நூல் 68க்குச் சற்றுக் குறைவு. இன்று இங்கே யாரும் பிரெஞ்சு நம்பர் பேசுவதில்லை. ஆனால் வெளிநாட்டு ஆர்டர் வந்தால் மெட்ரிக்கும் டெக்ஸும் கண்டிப்பாக வரும்.

டெக்ஸும் டெனியரும் எதிர்த் திசையில் போகும் கணக்கு. டெக்ஸ் என்பது 1000 மீட்டர் நூலின் எடை கிராமில், டெனியர் என்பது 9000 மீட்டரின் எடை. நம்பர் ஏறினால் நூல் தடிக்கும். 590.5ஐ டெக்ஸால் வகுத்தால் பருத்திக் கவுண்ட், 5315ஐ டெனியரால் வகுத்தாலும் அதே. 20 டெக்ஸ் கேட்டவருக்கு 20ஆம் நம்பர் நூலை அனுப்பினால் அவர் கேட்டதைவிட ஒன்றரை மடங்கு கனத்த நூல் போய்ச் சேரும். அவருக்கு வேண்டியது 29.5.

இரட்டை நூல்

2/40 என்றால் 40ஆம் நம்பர் இரண்டு இழை சேர்ந்தது, மொத்தத்தில் 20. மெட்ரிக்கில் இதையே 40/2 மாதிரி திருப்பிப் போட்டு எழுதுவார்கள். பட்டில் 20/22 என்று போட்டிருந்தால் அது இழைக் கணக்கே இல்லை, 20 முதல் 22 டெனியருக்குள் இருக்கிறது என்று பொருள்.

40ஐயும் 60ஐயும் சேர்த்து முறுக்கினால் சராசரி 50, அதில் பாதி 25 என்று வாய்க்கணக்குப் போடுவார்கள். சரியான விடை 24. ஒவ்வொரு நம்பரையும் தலைகீழாக்கிக் கூட்டி, கூட்டியதை மறுபடி தலைகீழாக்க வேண்டும். கூட வேண்டியது எடை, நம்பர் அல்ல. போதாக்குறைக்கு முறுக்கேறும்போது நூல் நீளத்தில் சுருங்கும். அதனால் கணக்கில் 20 வரும் 2/40 ரீலில் சுற்றிப் பார்த்தால் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

ரீல், தராசு எதுவும் கையில் இல்லாமல் சிட்டமாக நூல் வாங்குகிறவர் ஒரு தோராயச் சோதனை செய்யலாம். பத்துப் பவுண்டுக் கட்டு, அதாவது 4.54 கிலோ. அதில் 840 கெஜச் சிட்டங்களை எண்ணினால் நம்பரைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். 40ஆம் நம்பருக்கு 400, 60க்கு 600. 5 கிலோக் கட்டாக இருந்தால் 40ஆம் நம்பருக்கு 441. சிட்டம் 840 கெஜம்தானா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு நீளத்தில் சுற்றியதும் வருகிறது. 2/40 கட்டில் 200தான் இருக்கும், பாதி நூல்தான் வந்திருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம்.