செக் திரும்பி வந்தால் முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

சரக்கு கொடுத்ததற்கு வாங்கிய செக், கணக்கில் பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டதா? "அடுத்த வாரம் தந்துடறேன் அண்ணாச்சி" என்ற பேச்சை நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள். இப்படித் திரும்பிய செக்குக்கு வழக்குப் போட வழிசெய்யும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆவது பிரிவில் எல்லாமே தேதிக் கணக்குதான்.

செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள், பணம் கேட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். செக்கில் உள்ள தொகையைத் தெளிவாகக் கேளுங்கள். வட்டி, செலவு கேட்பதானால் தனியாகக் குறிப்பிடுங்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதுவே போதும்.

நோட்டீஸ் கைக்குக் கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை இருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 2015 திருத்தத்துக்குப் பிறகு கிடைத்த பெரிய நிம்மதி இது.

சரி, நோட்டீஸுக்கான 30 நாள் தவறிவிட்டதா? செக்கில் உள்ள தேதியிலிருந்து 3 மாதம் முடியவில்லை என்றால் மறுபடி வங்கியில் போடலாம். மீண்டும் திரும்பினால் புதிதாக நோட்டீஸ் அனுப்பலாம். உச்ச நீதிமன்றம் 2012-இல் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அப்புறம், பில்லும் டெலிவரி சலானும் கையில் இருக்கட்டும். கொடுக்க வேண்டிய பாக்கிக்காகத் தந்த செக்குக்குத்தான் இந்தப் பிரிவு; அன்பளிப்பாகத் தந்ததற்குச் செல்லாது.