புது ரைஃபிள் குழலில் இறுகிய கிரீஸை எடுக்கும் முறை

கடையம் முதல் களக்காடு வரையுள்ள மலையடிவாரத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்போர் சிலர் உண்டு. (உரிமம் கையில் இருப்பதாலேயே காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று ஆகிவிடாது, அதற்கு வனத்துறையின் விதிகள் தனி.) அவர்களில் புதிதாக .315 ரைஃபிள் வாங்கியவர்கள் முதலில் கேட்பது, எத்தனை முறை துடைத்தாலும் துணி கறுப்பாகவே வருகிறதே என்பதுதான். துருப் பிடிக்காமலிருக்கத் தொழிற்சாலையில் பூசிய கிரீஸ், மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்து மெழுகுபோல் இறுகி, குழலைக் கடையும்போது உதிர்ந்த இரும்புப் பொடியையும் பிடித்து வைத்திருக்கும். இதைத் தேய்த்து எடுக்க முடியாது. இளக்கித்தான் எடுக்க வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். குழல்வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, மேகசினை (தோட்டாப் பெட்டியை) கழற்றி, குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து, தோட்டா அமரும் இடமான சேம்பரில் ஒன்றுமில்லை என்பதைக் கண்ணால் பார்ப்பதோடு சுண்டுவிரலாலும் தடவி உறுதிசெய்யுங்கள். லீ-என்ஃபீல்டு வகை ரைஃபிளாக இருந்தால், போல்ட்டைக் கடைசிவரை இழுத்து அதன் தலைப்பகுதியை மேல்நோக்கித் திருப்பினால் முழுவதும் வெளியே வந்துவிடும். அந்தத் தலைப்பகுதி திருகாணியாக மாட்டப்பட்டிருப்பது. ஒரு ரைஃபிளுடையதை மற்றொன்றில் மாற்றி மாட்டக் கூடாது.

இனி நம்மூர் வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். போல்ட் இல்லாத ரைஃபிளைக் குழல்வாய் கீழே இருக்கும்படி மடித்த பழைய செய்தித்தாளின் மேல் சாய்த்து, உச்சிவெயிலில் சிறிது நேரம் வையுங்கள். நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். தலைகீழாக நிறுத்துவதற்குக் காரணம், உருகும் கிரீஸ் விசைப்பகுதிக்குள் இறங்காமல் தாளில் வடிய வேண்டும் என்பதே. தேன் நிறத்தில் அது வடியத் தொடங்கினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அடுத்து, குழலின் அளவுக்கேற்ற பித்தளை பிரஷைத் துடைகோலில் மாட்டி, மண்ணெண்ணெயிலோ பெயிண்ட் கடையில் கிடைக்கும் டர்பன்டைனிலோ நனைத்து, சேம்பர் பக்கமிருந்து குழல்வாய்ப் பக்கமாக முழு நீளத்துக்கும் செலுத்துங்கள். பாதியில் நிறுத்தித் திருப்பினால் பிரஷின் கம்பிகள் மடங்கிவிடும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். ஐந்தாறு முறை ஓட்டியபின் கால் மணி நேரம் ஊறவிட்டு, பிறகு துணி போடுங்கள். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரிந்த நாலுக்கு இரண்டு அங்குலச் சிந்திதான் (துடைக்கும் துணித்துண்டுதான்) அளவு; பலமுறை வெளுத்த பருத்தி வேட்டியைக் கிழித்தால் அதைவிட நல்ல சிந்தி கிடைக்காது. கோலுக்குப் பதில், துணியைக் கட்டிக் குழல் வழியே இழுக்கும் புல்த்ரூ கயிறு பயன்படுத்துவோர் அதை நேராக இழுக்க வேண்டும். சாய்த்து இழுத்துப் பழகினால், கயிறு குழல்வாயின் விளிம்பை நாளடைவில் அறுத்துவிடும், குறி தவறுவதற்கு அதுவே போதும். உப்புத்தாள், சைக்கிள் கம்பி போன்றவற்றை உள்ளே விடுபவர் அழுக்கோடு, குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிப்பள்ளங்களையும் சேர்த்தே தேய்க்கிறார்.

வெளியே வரும் சிந்தியின் நிறத்தைக் கவனியுங்கள். பழுப்பாகவும் பிசுக்காகவும் இருந்தால் கிரீஸ் இன்னும் இருக்கிறது, மீண்டும் ஊறவிடுங்கள். வெளிர்சாம்பல் ஆகிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம், பால் வெள்ளை வரும்வரை விடமாட்டேன் என்பது வீண் பிடிவாதம். சேம்பரை மட்டும் ஈரமில்லாமல் முழுமையாகத் துடைத்தே ஆக வேண்டும். அங்கே கிரீஸ் இருந்தால், வெடிக்கும்போது தோட்டாவின் உறை சேம்பர் சுவரைப் பற்றிக்கொள்ளாமல் வழுக்கி, போல்ட்டின் மேல் அழுத்தம் கூடிவிடும்.

சுட்டுப் பழகிய பின் சேரும் கறை வேறு. குழல்வாயருகே செம்பு நிறத்தில் கோடுகள் தெரிந்தால், அது குண்டின் மேலுறை விட்டுச்சென்ற செம்பு. மண்ணெண்ணெய்க்கு அது மசியாது. அம்மோனியா கலந்த செம்பு நீக்கி வேண்டும். சிந்தி நீலப்பச்சையாக வருவது செம்பு கரைவதன் அடையாளம். ஆனால் பித்தளை பிரஷோ பித்தளை முனையோ பட்டாலும் அதே நிறம் வரும் என்பதால், இந்தக் கட்டத்தில் நைலான் பிரஷைப் பயன்படுத்துங்கள். டப்பாவில் குறித்த நேரத்துக்கு மேல் அதைக் குழலில் விட்டுவைத்தால் இரும்பையே அரிக்கும்.

கடைசியாக, துப்பாக்கி எண்ணெயை ஒரு சிந்தியில் தொட்டு மெல்லிய படலமாகப் பூசுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வீட்டில் இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள். அவை நாள்பட்டால் பிசினாகி, இவ்வளவு பாடுபட்டு எடுத்த அழுக்கையே திரும்பக் கொண்டுவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தோலுறைக்குள் வைப்பதையும் தவிருங்கள், உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரைஃபிள் திரும்பி வந்ததும் இதே முறையில் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. எப்போதானாலும், சுடுவதற்கு முன் உலர்ந்த சிந்தியால் எண்ணெயை முழுவதும் எடுத்து, போல்ட்டை மாட்டுவதற்கு முன் சேம்பர் பக்கமிருந்து வெளிச்சத்தில் பார்த்து, உள்ளே துணித்துண்டு எதுவும் தங்கவில்லை என்பதை உறுதிசெய்த பிறகே தோட்டாவை எடுங்கள்.