ஆற்றுக்குப் போகிறீர்களா? கயிறும் கேனும் வண்டியில் இருக்கட்டும்

ஆடிப்பெருக்குக்குக் காவிரிக்கோ கொள்ளிடத்துக்கோ கிளம்பும்போது புளியோதரைத் தூக்கையும் காதோலை கருகமணியையும் யாரும் மறப்பதில்லை. அதோடு ஒரு 30 அடி வாளிக்கயிறும், மூடியுள்ள காலி 5 லிட்டர் தண்ணீர் கேனும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே குடும்பத்தில் மூன்று பேர் மூழ்கினார்கள் என்று செய்தி வரும்போது கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் முதலில் வழுக்கியவர் ஒருவர்தான், மற்றவர்கள் அவரைத் தூக்கப் போனவர்கள். மூழ்குகிறவர் கையில் அகப்பட்டதைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார், அது உங்கள் கழுத்தாக இருந்தாலும் சரி. நீச்சல் தெரிந்தவரும் அதில் தப்புவது கஷ்டம்.

அதனால் குதிக்காதீர்கள், எறியுங்கள். கேனின் கைப்பிடியில் கயிற்றைக் கட்டி, உள்ளே ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். சுத்தமாகக் காலியாக இருந்தால் காற்று திருப்பிவிடும். ஆளைத் தாண்டி விழும்படி எறிந்தால் கயிறு அவர் கைமேல் வந்து விழும். மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ள வேண்டாம், இழுப்பில் நீங்களும் போவீர்கள்; கரையில் படுத்தபடி இழுங்கள். கயிறு இல்லையா, புடவை இருக்கிறதே, ஐந்தரை மீட்டர்!

சினிமாவில் வருவதுபோல யாரும் கத்திக்கொண்டே மூழ்குவதில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்க, சத்தமே வராது. பிள்ளைகள் குளிக்கும்போது பெரியவர் ஒருவர் போனைப் பையில் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழியில்லை.

போன வருஷம் குளித்த இடம்தானே என்று நம்பவும் கூடாது. மணல் அள்ளிய குழி பக்கத்தில் இருந்தால் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆளுயரம். அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள் என்றால் படித்துறையிலேயே சொம்பால் மொண்டு ஊற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சரி, ஆளைக் கரையேற்றியாகிவிட்டது. காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது இரண்டும் வேண்டாம். வாந்தி நுரையீரலுக்குள் போகும், நேரமும் போய்விடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். அப்புறம் நெஞ்சின் நடுவே 30 அழுத்து, 2 ஊது, மறுபடி 30. பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், ஆம்புலன்ஸ் வரும்வரை.

எழுந்து உட்கார்ந்து டீ கேட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் வேலையைக் காட்டும்.