தொண்டியிலிருந்து தெற்கே: பாய்மர வத்தை ஏறும் மதுரைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம் பஸ்தான். அக்னி தீர்த்தத்தில் முங்கி எழுந்து ஈரத்துணியோடு ஊர் திரும்புவோம். செல்லூரிலிருந்து நாங்கள் நான்கு பேர் தொண்டியில் பாய்மர வத்தை எனும் நாட்டுப்படகில் ஏறி, கரையை ஒட்டியே தெற்கே பாம்பன் வரை போய் வந்தோம். கரையோரமாகவே போனால் சுமார் 70 கிலோமீட்டர் இருக்கும். அது இரண்டாவது முயற்சி. முதல் தடவை தொண்டியை விட்டே கிளம்ப முடியவில்லை.

காரணம், மே மாதம். பிள்ளைகளுக்கு லீவு, எல்லாருக்கும் வசதி என்று போய் நின்றோம். வத்தைக்குச் சொந்தக்கார சம்மாட்டி சிரித்துவிட்டார். "சோழகம் எடுத்துருச்சே தம்பி. மூஞ்சிக்கு நேரா காத்து. தெக்க போகணும்னா வத்தையைத் தள்ளிக்கிட்டுத்தான் போகணும்." தெற்கிலிருந்து வீசுவது சோழகம், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். இந்த நான்கையும் விசாரிக்காமல் தேதி குறிக்காதீர்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வாடையோடு மழையும் புயலும் சேர்ந்து வரும், அப்போதும் வேண்டாம். வாடை தணிந்து முதுகுப்பக்கம் இதமாகத் தள்ளுகிற பிப்ரவரிதான் எங்களுக்கு வாய்த்தது.

பாக் விரிகுடாவில் ஆழம் குறைவு என்று கேள்விப்பட்டு, தெப்பக்குளம் மாதிரி இருக்கும் என்றான் எங்களில் ஒருவன். ஆழம் குறைந்தால் அலை நெருக்கமாகவும் செங்குத்தாகவும் எழும். நீளமாகத் தாலாட்டாது, சடசடவென்று அடிக்கும். சொன்னவன்தான் முதலில் வாந்தி எடுத்தான். வயிறு முட்ட பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஏறியதும் ஒரு தவறுதான், அதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஏறுவதற்கு முன் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசாரிடம் சொல்லுங்கள். கிழக்கே இலங்கையோடு நமக்கு எல்லை இருக்கிற கடல் அது. ஆள் யார், எங்கே போகிறார்கள் என்று கேட்பது அவர்கள் வேலை. ஆதார் நகலும் லைஃப் ஜாக்கெட்டும் கையில் இருக்கட்டும். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிடுங்கள். படகில் செருப்புக் காலை வைப்பது, சாமி மாடத்தில் வைப்பதற்குச் சமம். நான் வைத்தேன். யாரும் திட்டவில்லை. ஆனால் அடுத்த ஒரு மணி நேரம் யாரும் என்னோடு பேசவும் இல்லை.

வத்தையில் குறுக்கே ஒரு நீளப்பலகை, வெளியே கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பாயைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் ஆள் போய் அதில் உட்கார்ந்து எடை கொடுக்க வேண்டும். நாங்கள் பயந்துபோய்ச் சாய்கிற பக்கமே ஒண்டினோம். தண்ணீர் விளிம்பைத் தொட்டது. படகின் பின்பக்கம், அமரத்தில் சுக்கான் பிடித்திருந்தவர் கத்தினார்: "அண்ணே, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். மூட்டை மாதிரி இந்தப் பக்கம் வந்து உக்காருங்க, போதும்." நான் பலகையில் நகர்ந்து நகர்ந்து போனேன். கீழே தண்ணீர் ஓடுகிறது, பலகை மேலும் கீழும் ஆடுகிறது, நுனியில் ஒரு பையன் காலைத் தொங்கவிட்டு பீடி பற்றவைக்கிறான். என்னை விட இருபது வயது சின்னவன். கையை நீட்டி என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். தேவிபட்டினம் வரும்வரை விடவில்லை. அங்கிருந்துதான் எங்கள் சிநேகம்.

அடுத்தது நம் ஊர்ப் புத்தி: திரும்பி வர பஸ்சுக்கு முன்பதிவு செய்துவிட்டு வருவது. தேவிபட்டினத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டது. இன்ஜினைப் போடச் சொல்லி நச்சரித்தோம். போட்டிருந்தால் பஸ்சைப் பிடித்திருப்போம். அன்று மத்தியானம் வலை பொத்தக் கற்றுக்கொண்டதும், குழம்பில் கிடந்த மீன்களின் பெயரை ஒவ்வொன்றாக அந்தக் குப்பத்துப் பாட்டி ஒருவர் சொல்லித் தந்ததும் போயிருக்கும். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊரை மறுநாள் கடந்தபோது பாய்ந்து வரும் நீரைத் தேடினோம். மணல்தான் இருந்தது. "உங்க ஊருலயே குடிச்சுப்புடுறீகளே" என்றான் பையன்.

பாம்பனைத் தாண்டி மன்னார் வளைகுடாவில் தெரியும் தீவுகளில் இறங்க ஆசை வரும். அவை 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும். படகுக்காரரை வற்புறுத்தினால் வழக்கில் மாட்டுவது அவர்தான்.

விடைபெறும்போது பணத்தைச் சட்டைப்பையில் திணிக்காதீர்கள். பேசிய கூலியை முதலிலேயே கொடுத்துவிடுங்கள், அது கணக்கு. அதற்கு மேல் கொடுக்க நினைத்தால், கிளம்பும் காலையில் மாட்டுத்தாவணியில் மல்லிகை வாங்கி ஈரத்துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். சுங்குடிச் சேலையும் நல்லதே. எடுத்த படங்களை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். நான் மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் அந்தப் பலகைப் பையனே போன் செய்தான், படத்துக்காக இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், மதுரைக்கு வருகிறார்களாம்.

மாட்டுத்தாவணியில் போய் நின்றேன். இறங்கியவுடன் அம்மாவை ஒரு கையிலும் என் சட்டையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, பஸ்களுக்கு நடுவே அண்ணாந்து பார்த்தான். "எண்ணே, இங்க காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னே தெரியலையே."