வீடு வாங்குவோரும் விற்போரும் முன்பணத்துக்கு முன்பே முடிக்க வேண்டிய சட்டச் சரிபார்ப்புகள்

தமிழ்நாட்டில் முதன்முறையாக வீடு வாங்குவோர் பலர், விலை படிந்த அன்றே முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் பத்திரங்களின் நகலைக் கேட்கிறார்கள். இந்த வரிசை மாற வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவு செய்கிறதே தவிர, விற்பவருக்கு முழு உரிமை உண்டு என்று யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை. உரிமையைச் சரிபார்க்கும் பொறுப்பு வாங்குபவருடையது. அதைச் செய்வதற்குரிய காலம் முன்பணம் கைமாறுவதற்கு முந்தைய காலம்.

படி 1: பத்திரங்களைத் தொடர்ச்சியாக அடுக்குங்கள்

விற்பவரின் பெயரிலுள்ள பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், பட்டா, சொத்து வரி ரசீது, கட்டட அனுமதி வரைபடம் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டு வாங்குங்கள். சொத்து யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில், கிரையமாகவா (விற்பனை), செட்டில்மெண்டாகவா (விலையின்றிக் குடும்பத்தாருக்கு எழுதிக் கொடுப்பது), பாகப்பிரிவினையாகவா வந்தது என்பதைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரு பத்திரத்தில் வாங்கியவரே அடுத்த பத்திரத்தில் விற்றவராக இருக்க வேண்டும்; இடையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், அதற்கான விளக்கத்தை வாய்மொழியாக அல்லாமல் ஆவணமாகவே கேளுங்கள். நகல்களைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அசல் பத்திரங்கள் யாரிடம் உள்ளன என்பதையும் நேரில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பவர் பத்திரத்தை, அதாவது உரிமையாளர் தம் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதித் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை, மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் தம்மை உரிமையாளர் என்று சொன்னால் ஏற்காதீர்கள். அந்தப் பத்திரத்தின் மூலம் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. அதிகாரம் பெற்ற முகவர், அதைக் கொடுத்த உரிமையாளருக்காகக் கிரையம் எழுதிக் கொடுக்கலாம்; ஆனால் உரிமையாளர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், அவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கான அண்மைச் சான்றைக் கட்டாயம் பாருங்கள்.

படி 2: வில்லங்கச் சான்றை வரிவரியாகப் படியுங்கள்

பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தை, அதாவது சொத்தின்மேல் பதிவான விற்பனை, கடன் முதலியவற்றின் பட்டியலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒவ்வொரு பதிவிலும் ஆவண எண், ஆண்டு, எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர், ஆவணத்தின் தன்மை, சர்வே எண், நான்கு எல்லைகள் ஆகியவை இருக்கும். அடமானம் அல்லது உரிமை ஆவண ஒப்படைப்பு (கடனுக்காகப் பத்திரங்களை ஒப்படைப்பது) என்று ஒரு பதிவு இருந்தால், அதே கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பின்னால் பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்; இல்லையென்றால் அந்தக் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகவே கொள்ளுங்கள். கிரைய ஒப்பந்தம் ஏதேனும் பதிவாகி, ரத்து ஆகாமல் நின்றால், உங்களுக்கு முன்பே ஒருவர் முன்பணம் கொடுத்திருக்கிறார் என்று பொருள்.

வில்லங்கம் இல்லை என்று சான்று வந்துவிட்டாலே எல்லாம் சரி என்று எண்ணிவிடக் கூடாது. பதிவு செய்யப்படாத உயில், குடும்பத்துக்குள் வாய்மொழியாக நடந்த பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள பல வழக்குகள் ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். ஆகவே விற்பவரின் பெயரில் வழக்கு ஏதும் உள்ளதா என்பதை நீதிமன்றங்களின் இணையதளத்திலும் தேடுங்கள், அக்கம்பக்கத்தாரிடமும் விசாரியுங்கள்.

படி 3: வாரிசுகள் அனைவரும் கையெழுத்திடுகிறார்களா?

நான் மிகுந்த எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்வது இதைத்தான். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. அந்தத் தாயைப் பல குடும்பங்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய உரிமையே உண்டு என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, தந்தை 2005-இல் உயிருடன் இருந்திருக்க வேண்டும் என்ற தேவை இல்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. “தங்கச்சிக்குக் கல்யாணத்தின்போதே நகை போட்டுவிட்டோம், அவள் கேட்க மாட்டாள்” என்று விற்பவர் சொல்வது உங்களுக்குப் பாதுகாப்பு ஆகாது. அந்தத் தங்கை கிரையப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். தாசில்தார் வழங்கிய வாரிசுச் சான்றிலுள்ள ஒவ்வொரு பெயரையும் கையெழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாரிசுகளில் மைனர் ஒருவர் இருந்தால், தாயோ தந்தையோ கையெழுத்திட்டுவிட்டால் போதும் என்று விட்டுவிடாமல், அவருக்குச் சொந்தமான பங்கை விற்க நீதிமன்ற அனுமதி பெறப்பட்டுள்ளதா என்று வழக்கறிஞரைக் கொண்டு பாருங்கள்.

படி 4: பட்டா, அளவு, அனுமதி

பட்டாவிலுள்ள பெயரும் பரப்பும் பத்திரத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நில அளவரைக் கொண்டு இடத்தை அளந்து, நான்கு எல்லைகளையும் நேரில் சரிபாருங்கள். புதிய அடுக்குமாடிக் குடியிருப்பாக இருந்தால், நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருக்கும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

படி 5: ஒப்பந்தம், பிறகு முன்பணம்

மேற்சொன்னவை திருப்தியாக முடிந்த பிறகே கிரைய ஒப்பந்தம் எழுதுங்கள். மொத்த விலை, முன்பணம், கிரையம் முடிக்க வேண்டிய நாள், நிலுவைக் கடனை யார் அடைப்பது, உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பவை அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் இந்த ஒப்பந்தத்தையும் பதிவு செய்வது கட்டாயம். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். அசையாச் சொத்து விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, அபராதம் வாங்கியவர் மேல் விழும்.

படி 6: கிரையப் பதிவு

அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மேல் பொதுவாக முத்திரைத் தீர்வை 7 சதவீதமும், 2023 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும். விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குபவர் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து வருமான வரியாகச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால் பிடித்தத்துக்கான விதிகளே வேறு என்பதால், முன்கூட்டியே ஆடிட்டரைக் கேளுங்கள்.

விற்பவர் கவனிக்க வேண்டியவை

வீட்டுக் கடன் நிலுவையில் இருந்தால் அதை மறைக்காமல், வங்கியிடம் நிலுவைத் தொகைக் கடிதம் வாங்கி, வாங்குபவரின் பணம் நேராகக் கடன் கணக்குக்கே போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்துள்ளது. இது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்த வீட்டை விற்றால், லாபத்தின்மேல் 12.5 சதவீத வரி உண்டு. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடாக இருந்தால், உள்நாட்டில் வசிக்கும் தனிநபர் விலைவாசிக் குறியீட்டைக் கணக்கில் கொண்டு 20 சதவீதமாகவும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம்.

பதிவு முடிந்த பின்

பத்திரம் கைக்கு வந்ததும் புதிய வில்லங்கச் சான்று எடுத்து, உங்கள் பெயரும் சர்வே எண்ணும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பிழை இருந்தால் விற்பவர் ஊரில் இருக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் எழுதிக்கொள்வது எளிது. பட்டா, சொத்து வரி, குடிநீர், மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றத்துக்கும் உடனே விண்ணப்பியுங்கள்.